விலங்குகளோடு பழகும் நேரம் தராமல் எங்களை அலைக்கழித்தது குறித்த புகார்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பண்ணையின் குடும்ப அனுமதிச்சீட்டில், முயலை மடியில் வைத்துக்கொள்வதும் ஆட்டுக்குட்டிக்குப் புட்டியில் பால் கொடுப்பதும் அடங்கிய 'விலங்குகளோடு பழகும் நேரம்' உண்டு. அந்த நேரம் எங்களுக்கு முறையாகத் தரப்படவில்லை என்பதையும், அதைக் கேட்டதற்காக உங்கள் ஊழியர்கள் எங்களை ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள் என்பதையும் தெரிவிக்கவே மிகுந்த சோர்வோடு இதை எழுதுகிறேன்.

உங்கள் சேவைப் பிரிவில் கடைசியாகப் பேசிய பெண்மணியின் சொற்களை என்னால் மறக்க முடியவில்லை. "முயல் அசையாமல்தானே இருந்தது, உங்கள் பிள்ளைக்குத்தான் பழகத் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் இணைப்பைத் துண்டித்தார். அச்சத்தில் உறைந்து போவது முயலின் இயல்பு என்பதும், அது அசையாமல் இருப்பதாலேயே அமைதியாக இருக்கிறது என்று கொள்ளக் கூடாது என்பதும் பண்ணை நடத்துபவர்களுக்குத் தெரியாதா? உங்கள் பராமரிப்பாளர் முயலைக் காதைப் பிடித்துத் தூக்கி, பின்னங்கால்களுக்குத் தாங்கல் கொடுக்காமல் என் மகளின் மடியில் போட்டார். அந்த நிலையில் முயல் வேகமாக உதைத்தால் அதன் முதுகெலும்பே முறிந்துவிடக்கூடும். முயல் திமிறியதும் அவள் அலறினாள். அதன் பிறகு எந்த விலங்கின் அருகிலும் போக மறுக்கிறாள். அவளுடைய குழந்தைப் பருவத்தின் மிகப் பெரிய மகிழ்ச்சியையே நீங்கள் பறித்துவிட்டீர்கள்.

ஆட்டுக்குட்டிக்குப் புட்டியில் பால் கொடுப்பதும் நடக்கவில்லை. முந்தைய குழுவினரே பாலை முழுவதும் கொடுத்துவிட்டதால், வேறொரு நாளில் அதே சீட்டோடு வருமாறு நுழைவாயிலில் சொன்னார்கள். அதை நம்பிக் குடும்பத்தோடு அவ்வளவு தொலைவு மறுபடியும் வந்தபோது, குட்டிகள் ஓய்வில் இருப்பதாகக் கூறித் திருப்பி அனுப்பினார்கள். குட்டிகளுக்கு ஓய்வு வேண்டும் என்பதை நான் முழு மனதோடு ஏற்கிறேன்; நாள் முழுவதும் கை மாறும் விலங்கு எப்படி யாரோடும் பழகும்? ஆனால் அதை முன்கூட்டியே தெரிவிப்பது உங்கள் கடமையல்லவா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் வருகையின்போது கை கழுவும் இடத்தில் தண்ணீரே வரவில்லை. கேட்டதற்குக் கையில் தேய்க்கும் கிருமிநாசினி ஜெல்லை நீட்டினார்கள். கன்றுகளிடமிருந்தும் ஆட்டுக்குட்டிகளிடமிருந்தும் பரவக்கூடிய கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி அந்த ஜெல்லுக்கு அழியாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இத்தகைய தொற்று கடுமையாகலாம் என்ற நிலையில், நீங்கள் எங்கள் உயிரோடு விளையாடியிருக்கிறீர்கள். ஆடுகளுக்குக் கொடுக்கும்படி ரொட்டித் துண்டுகளை வேறு விற்கிறீர்கள். அசைபோடும் விலங்கின் முதல் வயிற்றில் மாவுச்சத்து அளவுக்கு மீறினால் அமிலம் பெருகி அது நோயுறும்.

உங்கள் பண்ணையில் நல்ல மனம் கொண்ட பணியாளர்களும் இருப்பார்கள் என்று இப்போதும் நம்புகிறேன். ஆகவே, கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தருமாறும், அந்தப் பெண்மணி எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க ஏற்பாடு செய்யுமாறும், தண்ணீர்க் குழாயை உடனடியாகச் சரிசெய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வாரத்துக்குள் பதில் வராவிட்டால், பணத்துக்காக நுகர்வோர் குறைதீர் அமைப்பிடமும், முயல்களையும் ஆடுகளையும் நடத்தும் முறைக்காக விலங்கு நல அதிகாரிகளிடமும் தனித்தனியாக முறையிடுவேன்.

இப்படிக்கு,
உங்களை நம்பிப் பிள்ளையை அழைத்து வந்த ஒரு தாய்