பரணில் கிடந்தே பாழாகும் கூடாரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்குவதால், பிள்ளைகளை மலை முகாம்களுக்கு அழைத்துச் செல்வோர் பரணிலிருந்து பழைய கூடாரங்களை இறக்கிப் பார்க்கும் காலம் இது. அவ்வாறு இறக்கிப் பார்த்து ஏமாந்தவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன்.

2006-ஆம் ஆண்டு நான் வாங்கிய, மூவர் தங்கக்கூடிய நைலான் கூடாரம் சிறுமலையிலும் கொடைக்கானலிலும் பல ஐப்பசி மழைகளைத் தாங்கியது. முழங்கால் வலியால் கடந்த மூன்று ஆண்டுகளாக நான் மலையேறவில்லை; கூடாரமும் பரணைவிட்டு இறங்கவில்லை. சென்ற மாதம் உறையைத் திறந்தபோது குமட்டும் புளித்த வாடை வீசியது. மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மெல்லப் பிரித்தபோது மேல்விரிப்பின் உட்புறப் பூச்சு, வெயில் பட்டு உரிந்த தோலைப்போலச் செதில் செதிலாக உதிர்ந்தது. தையல்களின் மேல் ஒட்டியிருந்த பட்டை கையோடு வந்துவிட்டது. இத்தனைக்கும் துணியில் ஒரு கிழிசல்கூட இல்லை.

இவ்வகைக் கூடாரங்களில் மழைநீரைத் தடுப்பது பெரும்பாலும் துணியின் உட்புறத்தில் பூசப்பட்ட பாலியூரித்தேன் என்னும் நெகிழிப் படலமே. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அதன் வேதிப் பிணைப்புகள் அறுந்து, படலம் முதலில் பிசுபிசுத்துப் பின்னர் உதிர்கிறது. அரைகுறையாக உலர்ந்த கூடாரத்தை இறுகச் சுருட்டி, வெயிலில் காயும் மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள பரணில் செருகி வைக்கும் நம் வழக்கத்தில், பயன்படுத்தாத ஆண்டுகளும் அதன் வயதோடு சேர்கின்றன. சிலிகான் பூசிய துணிக்கு இந்தக் கேடு வருவதில்லை என்றாலும் அதன் விலை கூடுதல்.

மலையேற்றக் காலணிக்கும் இதே கதைதான். என் நண்பர் ஒருவர் எட்டு ஆண்டுகள் பெட்டியிலேயே பொத்தி வைத்திருந்த காலணியை அணிந்து வந்தார். இரண்டாவது கிலோமீட்டரில் அடிப்பாகம் கேக் துண்டைப்போல உதிர்ந்து, மீதி வழியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு நடந்தார். மேல்தோல் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. அடியின் நடு அடுக்கு பாலியூரித்தேனால் ஆகியிருந்ததே காரணம். பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி பெட்டியின்மேல் உற்பத்தி மாதமும் ஆண்டும் அச்சிடப்படுகின்றன. ஆனால் பெட்டி குப்பைக்குப் போனபின் அந்தக் கணக்கை யார் அறிவார்? காலணியின் நாக்கிலும் கூடாரத்தின் உள்தையலிலும் ஆண்டைப் பொறித்துவிட்டால் இந்தத் தொல்லை இராது.

எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. நசுங்கிய அலுமினியப் பாத்திரத்தில் இன்றும் நன்றாகவே சோறு வேகிறது. உறக்கப்பையின் ஜிப் பல்லில் பிடிக்காமல் வழுக்கியபோது, பை தைக்கும் கடைக்காரர் முப்பது ரூபாய்க்கு ரன்னரை மட்டும் மாற்றிக் கொடுத்தார். கூடாரக் கம்பிகளுக்குள் ஓடும் இழுவைக் கயிறு தளர்ந்ததை வீட்டிலேயே மாற்றிக்கொண்டேன். ஆனால் விரிசல் விட்ட ஒரேயொரு கம்பித் துண்டுக்காகப் பெரிய விளையாட்டுப் பொருள் கடை ஒன்றில் கேட்டபோது, உதிரியாகத் தருவதில்லை, புதுக் கூடாரமே வாங்கிவிடுங்கள் என்றார்கள். பூச்சு போனால் கூடாரத்தை மாற்றுவதில் நியாயம் உண்டு. ஒரு முழக் கம்பிக்காக மாற்றச் சொல்வது எந்த ஊர் வழக்கமோ தெரியவில்லை.

2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கெனக் குழு அமைத்தபோது வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டது. கூடாரம் அந்தப் பட்டியலில் ஏறும் என நான் எதிர்பார்க்கவில்லை. விற்பவர்கள் கம்பி, கொளுக்கி, தையல் பட்டை ஆகிய மூன்றையாவது உதிரியாக வைத்திருக்கலாம்.

புதுக் கூடாரம் வாங்கிவிட்டேன். அதன் உறையின் உட்புறத்தில் அழியாத மையால் ஆண்டையும் எழுதிவிட்டேன். பழையதன் கம்பிகள், விரிசல் விட்ட அந்த ஒன்றைத் தவிர, இன்னும் நேராகவே இருக்கின்றன. மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் அலுமினியக் கம்பித் துண்டுகளை அளவுக்கு வெட்டிப் பொருத்தித் தருபவர் எவரேனும் இருப்பின், வாசகர்கள் இந்தக் கடிதப் பகுதியில் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை