ஏர்பேக் லைட்ட மறைக்காதீங்க, சீட்டுக்கு அடியில பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடி, கும்பகோணம், மயிலாடுதுறைன்னு நம்ம டெல்டா பக்கம் இப்ப எங்க பாத்தாலும் செகண்ட் ஹேண்ட் கார்தான், அதுல நிறைய வண்டியில டேஷ்போர்டுல ஒரு ஆளு உட்காந்திருக்க, முன்னாடி உருண்டையா ஒண்ணு இருக்கிற மாதிரி லைட்டு எரிஞ்சிக்கிட்டே இருக்கு. கேட்டா "வண்டி நல்லாத்தானே ஓடுது, அது கெடக்கட்டும்"ங்கிறாங்க. வண்டி ஓடும்தான், ஆனா அந்த லைட்டு எரியுதுன்னா மோதுற நேரத்துல ஏர்பேக் விரியும்னு நம்பி உட்கார முடியாது, பல காருல சீட் பெல்ட்ட சட்டுனு இறுக்குற ப்ரீடென்ஷனரும் அதே சிஸ்டத்துலதான் இருக்கு. 2019 ஜூலைலேர்ந்து புதுக் காருக்கெல்லாம் டிரைவர் ஏர்பேக் கட்டாயம்னு கொண்டு வந்தது இப்படி லைட்ட எரியவிட்டு ஓட்டுறதுக்கா?

இதுல எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம், ஒர்க்‌ஷாப்புக்குப் போனா சில பேரு ஒயரக்கூட பாக்காம "மாட்யூல் (ஏர்பேக் கம்ப்யூட்டர்) போயிடுச்சு, மாத்தணும்"னு பெரிய தொகையா சொல்லிடுறாங்க, அந்தக் காசுக்குப் பயந்துதான் ஜனங்க லைட்ட அப்படியே விட்டுடுறாங்க. என் காருக்கும் அப்படித்தான் சொன்னாங்க. வீட்டுக்கு வந்து முன் சீட்ட பின்னாடி தள்ளிட்டு டார்ச் அடிச்சுப் பாத்தா, அடியில ஏர்பேக் சிஸ்டத்தோட மஞ்ச கலர் சாக்கெட் ஒண்ணு லாக் ஆகாம பாதி வெளிய நிக்குது, சுத்தி உமியும் எலிப்புழுக்கையும். சீட் கவர் போட்ட கடையில சீட்ட கழட்டுனப்ப சாக்கெட்ட பிடுங்கிட்டு சரியா மாட்டாம விட்டிருக்காங்க. ஒயர எலி கடிக்காம விட்டது நல்ல நேரம், சம்பா அறுப்பு முடிஞ்சா வயல்ல இருக்க எலியெல்லாம் ஊருக்குள்ள வந்து நம்ம கார்லதான் குடி இருக்கு. ஐப்பசி கார்த்திகை மழையில தரை கார்ப்பெட் நனைஞ்சு ஈரம் நின்னாலும் இந்த சாக்கெட் பின்னு பச்சை பூத்துடும், நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கம் உப்புக் காத்துக்கு கேக்கவே வேணாம்.

வீட்டுல பாக்குறவங்க தயவு செஞ்சு ஒண்ண மட்டும் மறக்காதீங்க. சாவிய எடுத்துட்டு பேட்டரியோட நெகட்டிவ் ஒயர கழட்டி, குறைஞ்சது பத்து நிமிஷம் சும்மா விடுங்க, பேட்டரி கழட்டுன பிறகும் ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள்ள கொஞ்ச நேரம் கரண்ட் நிக்கும். அதுக்கப்பறம் சாக்கெட்ட எடுத்து காண்டாக்ட் கிளீனர் அடிச்சு நல்லா காயவிட்டு, டிக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தி மாட்டணும். ஏர்பேக் ஒயர்ல டெஸ்ட் லேம்ப்போ மல்டிமீட்டரோ வைக்கவே கூடாது, அந்த சின்ன கரண்ட்டுக்கே பை வெடிச்சு விரிஞ்சிடலாம், அது விரியிறதுக்கு 30 மில்லி செகண்டு போதும், முகம் பக்கத்துல இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. எலி கடிச்ச ஒயர டேப் சுத்தி ஒட்டுறதும் வேணாம். லைட்டோட சேத்து ஹாரனும் அடிக்கல, ஸ்டீயரிங் பட்டனும் வேலை செய்யலன்னா பெரும்பாலும் கிளாக் ஸ்பிரிங்தான், ஸ்டீயரிங் திரும்புனாலும் கரண்ட் இணைப்பு விடாம இருக்கிற சுருள் ஒயர் அது, ஸ்டீயரிங்குக்குள்ள ஏர்பேக்குக்குப் பின்னாடி இருக்கு, வீட்டுல கை வைக்காம தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட போங்க.

சரி பண்ணிட்டாலும் பல காருல லைட்டு தானா போகாது, ஸ்கேனர் போட்டு கம்ப்யூட்டர்ல பதிவான எரர் கோட (கோளாறு நம்பர) அழிக்கணும். ஆன்லைன்ல விக்கிற சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் கோடு மட்டும்தான் காட்டும், ஏர்பேக்க படிக்கிற ஸ்கேனர்தானான்னு கேட்டுட்டு போங்க, எந்தக் கோடுன்னும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, அப்பத்தான் மாட்யூல்னு சொன்னா எதுக்குன்னு திருப்பிக் கேக்கலாம்.

இன்னொரு அநியாயம், வண்டி விக்கிறதுக்காக அந்த லைட்டையே எரியாம பண்ணிடுறது, இல்ல ஏர்பேக் இடத்துல ஒரு ரெசிஸ்டர் (கரண்ட்ட தடுக்கிற சின்ன பாகம்) போட்டு கம்ப்யூட்டர ஏமாத்துறது. வாங்குறவங்க சாவிய ஆன் பண்ணி பாருங்க, அந்த லைட்டு சில செகண்டு எரிஞ்சு அப்பறம் அணையணும், எரியவே இல்லன்னா அந்த வண்டிய ஸ்கேனர் போடாம வாங்காதீங்க. ரெசிஸ்டர் போட்ட வண்டியில லைட்டு ஒழுங்கா எரிஞ்சு அணையும், அதனால ஸ்டீயரிங் நடுமூடியும் டேஷ்போர்டும் பிரிச்சு ஒட்டுன மாதிரி இருக்கான்னும் பாக்கணும். மஞ்ச போர்டு வண்டிக்காவது எஃப்சி இருக்கு, சொந்தக் காருக்கு 15 வருஷம் கழிச்சுதான், அதனால கை மாறி பேரு மாத்துற நேரத்துலயாவது இந்த லைட்ட பாத்துட்டு கையெழுத்து போடணும்னு போக்குவரத்துத் துறைய உங்க பத்திரிகை மூலமா கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி