லென்ஸ் விற்பவர்களே, அந்தச் சின்னப் பெட்டியைப் பற்றியும் சொல்லி அனுப்புங்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் கண்ணாடிக் கடை நடத்துவோருக்கும், மணப்பெண் அலங்காரம் செய்வோருக்கும்,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

கண்ணில் போடும் லென்ஸ் வாங்க வருகிறவர்களுக்கு நீங்கள் பவர் பார்க்கிறீர்கள், போடவும் கழற்றவும் பொறுமையாகப் பழக்குகிறீர்கள். ஆனால் லென்ஸை ஊறவைக்கும் பெட்டியைப் பையில் போட்டுக் கொடுக்கும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. என் அக்காவின் மகள் ஒரு வருடத்துக்கும் மேலாக ஒரே பெட்டியைத்தான் வைத்திருந்தாள். மாற்ற வேண்டும் என்று கடையில் யாரும் சொல்லவில்லையாம். திறந்து பார்த்தேன். மூடியின் புரிகளுக்குள் மங்கலான மஞ்சள் படிவு. குழியின் அடியில் விரலை வைத்தால் வழுக்கியது.

கிணற்றுக் கட்டில் பாசி பிடிப்பதைப் போல, பெட்டியின் சுவரில் பக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றி ஒரு பசைப் படலத்தை உண்டாக்கிக்கொள்கின்றன. லென்ஸ் ஊறும் திரவத்தில் மிதக்கிற கிருமியைக் கொல்லும் மருந்து அந்தப் படலத்துக்குள் இருப்பதை எளிதில் எட்டாது. அதனால்தான் வெறுமனே அலசினால் போதாது, விரலால் தேய்க்க வேண்டும். லென்ஸ் போடுவோரின் கண்ணில் தொற்றும் கிருமிகளில் சூடோமோனாஸ் மிகவும் மோசமானது. கருவிழியில் அது புண்ணை உண்டாக்கினால் ஓரிரு நாட்களிலேயே பார்வைக்கு ஆபத்து வரலாம்.

அடுத்தது தண்ணீர். நம் கரையோரத்தில் மணலில் தோண்டிய ஆழமில்லாத கிணறுகள்தான் அதிகம், மலசலகூடக் குழியும் பல வளவுகளில் பக்கத்திலேயே இருக்கிறது. மாரியில் வெள்ளம் ஏறினால் கேட்கவே வேண்டாம். சரி, பைப் தண்ணீரில் கழுவலாமே என்பார்கள். அகந்தமீபா என்ற நுண்ணுயிர் குளோரின் போட்ட தண்ணீரிலும் சாகாமல் இருக்கக்கூடியது. அது கருவிழியில் புகுந்தால் தாங்க முடியாத வலி, மாதக்கணக்கில் மருந்து. கிணற்றுத் தண்ணீர், பைப் தண்ணீர், போத்தல் தண்ணீர், எதுவும் லென்ஸிலோ பெட்டியிலோ படக் கூடாது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். லென்ஸ் கொடுக்கும்போதே பெட்டியைக் கையில் எடுத்துச் செய்து காட்டுங்கள்: காலையில் லென்ஸை எடுத்ததும் பழைய திரவத்தை ஊற்றிவிட்டு, புதிய திரவம் விட்டு விரலால் தேய்த்து, சுத்தமான டிஷுவால் துடைத்து, மூடிகளைக் கழற்றிக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். குளியலறைக்குள் வைக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியையே மாற்ற வேண்டும். திரவப் போத்தலோடு வரும் தாளில் பொடி எழுத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை. தமிழில் நாலு வரி அச்சடித்துக் கொடுத்தால் எவ்வளவு உதவி.

திரவம் விலை கூடியதுதான், மறுக்கவில்லை. அதனால்தான் நேற்றைய திரவத்தை ஊற்றாமல் அதன் மேலேயே கொஞ்சம் விட்டு நிரப்புகிறார்கள். தயவுசெய்து அதை அழுத்திச் சொல்லித் தடுங்கள். 2006இல் சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்காவில் லென்ஸ் அணிந்தவர்களிடம் பியூசேரியம் பூஞ்சைத் தொற்று பரவி, பாஷ் அண்ட் லோம்ப் நிறுவனம் தன் திரவம் ஒன்றை உலகம் முழுவதும் சந்தையிலிருந்து எடுத்தது. மேலே நிரப்பும் பழக்கமும் அப்போது ஒரு காரணமாகப் பேசப்பட்டது.

அலங்காரம் செய்கிற சகோதரிகளே, கலர் லென்ஸும் பெட்டியும் ஒருத்திக்கு மட்டும்தான். ஒரு மணப்பெண் போட்டதை எவ்வளவு கழுவினாலும் அடுத்தவளுக்குப் போடாதீர்கள். பவர் இல்லாத லென்ஸ்தானே என்பது சமாதானம் ஆகாது, கிருமி பவர் பார்த்து வருவதில்லை. கல்யாணப் பரபரப்பில் அதைக் கழற்றாமல் தூங்கிவிடக் கூடாது என்று பெண்ணிடமும் தாயிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.

அப்புறம், கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசுகிறது என்று யாராவது உங்களிடம் ஓடி வந்தால் சொட்டு மருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு, தொற்றை இன்னும் மோசமாக்கிவிடும். லென்ஸை உடனே கழற்றச் சொல்லி, அன்றைக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கண் வைத்தியர் இருக்கும் அருகிலுள்ள வைத்தியசாலைக்கோ அனுப்புங்கள். லென்ஸையும் பெட்டியையும் கழுவாமல் அப்படியே கொண்டுபோகச் சொல்லுங்கள். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க வைத்தியர்களுக்கு அது வேண்டியிருக்கும்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்