திருப்பணி நிறைவு அறிக்கை: வாய்க்கால் பாலம் வகைக் கணக்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். விமானத்துக்கு வர்ணம், மடப்பள்ளிக்கு ஓடு, பிரகாரத்துக்குக் கல்தளம் எல்லாம் மதிப்பீட்டுக்குள்ளேயே முடிந்தன, அதை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் பாலத்தைத்தான். ரூ.9,50,000 என்று சொன்னது ரூ.12,18,000 ஆனது எப்படி, கோயில் பணத்தில் அக்கரைக்கு எதற்குப் பாலம்? கோயில் பணம் ஒரு ரூபாய்கூட இதில் இல்லை. தனி வசூல், தனி பாஸ்புக்.

மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பார்கள். குடமுருட்டியில் பிரிந்து வரும் நம் வாய்க்காலுக்குள் இறங்கி வேலை பார்க்க அந்த இடைவெளிதான் உண்டு. 2022 பிப்ரவரி கடைசியில் தோண்ட ஆரம்பித்தோம். அக்கரைத் தூணுக்கு நாலடி இறங்கியதும் செங்கல் தட்டுப்பட்டது. தட்டையான பழைய செங்கல், நடுவே விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு. மண்ணை வழித்துப் பார்த்தால் ஒரு தூணின் அடிப்பாகம், அதுவும் நாம் கயிறு கட்டியிருந்த நேரிலேயே. "அங்கே என்றைக்கும் பாதை கிடையாது, சாமி அந்தப் பக்கம் போன வழக்கமே இல்லை" என்று இரண்டு கூட்டத்தில் சத்தம் போட்டவர்கள் வந்து பார்த்தார்கள், ஒன்றும் பேசாமல் போனார்கள். வி.ஏ.ஓ.விடம் எழுதிக் கொடுத்தோம்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. "இரும்பு மாதிரி இருக்கு சார், இதுமேலயே ஏத்திடலாம்" என்றார் கான்ட்ராக்டர். நம்மூர் ஓய்வுபெற்ற இன்ஜினியர் பேசாமல் ஒரு கடப்பாரையை வாங்கி அந்தச் செங்கல்லுக்குப் பக்கத்தில் இறக்கினார், மணலுக்குள் முக்கால்வாசி போய்விட்டது. திருச்சியில் 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலம் 2018 வெள்ளத்தில் விழுந்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோமே, தூணுக்கு அடியில் மணல் அரித்தால் மேலே எவ்வளவு கம்பி போட்டு என்ன? களிமண் தட்டும்வரை தோண்டச் சொன்னோம். கூடுதல் ஆழத்துக்கு கான்ட்ராக்டர் தனி ரேட் கேட்டார், கொடுக்க மாட்டோம் என்றோம், ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பதினேழு நாள் குழி திறந்தே கிடந்தது. கடைசியில் ரூ.1,35,000-க்குப் பேசி முடித்தோம். அதை முதல் நாளே கொடுத்திருக்கலாம், அந்தத் தப்பு எங்களுடையது.

அந்தப் பதினேழு நாள்தான் காலை வாரியது. அந்த வருஷம் பார்த்து மேட்டூரை மே 24-லேயே திறந்துவிட்டார்கள்! சாரத்தைப் பிரித்து ஓடி வந்தோம், இரண்டு தூணும் தண்ணீரில் நின்றன. 2023 பிப்ரவரியில் திரும்ப ஆரம்பித்தபோது சிமென்ட், கம்பி, சென்ட்ரிங் வாடகை எல்லாம் சேர்த்து இன்னொரு ரூ.1,33,000. அதிகமான ரூ.2,68,000 இவ்வளவுதான், பில்கள் ஆபீஸில் இருக்கின்றன.

கொடுத்தவர்கள்: ரைஸ்மில் வீட்டார், குவைத்திலிருந்து மூன்று தவணையாக அனுப்பிய கீழத்தெருத் தம்பிகள் நால்வர், மகளிர் குழுவினர், கம்பியை அடக்க விலைக்குத் தந்த ஹார்ட்வேர் கடைக்காரர், சிங்கப்பூர் மருமகன், சீட்டுப் பணத்தை அப்படியே கொண்டுவந்து வைத்த பூக்கடை அக்கா, சித்தாள் வேலைக்குக் கூலி வாங்காத அக்கரைத் தெருப் பெண்கள் பதினோரு பேர். இந்தப் பதினோரு பேரையும் கல்வெட்டில் போட்டதற்கு ஆட்சேபம் வந்தது. கல்வெட்டை மாற்றுவதாக இல்லை.

பங்குனியில் பல்லக்கு அந்தப் பாலத்தில் போனபோது அக்கரையில் வாசலுக்கு வாசல் கோலம். தூக்கியவர்கள் திரும்பி வர ராத்திரி இரண்டு மணி ஆனது, அதற்கும் ஒரு புகார் வந்திருக்கிறது.

கையிருப்பு ரூ.3,140. கைப்பிடிக்கு இரண்டாவது கோட் பெயிண்ட் பாக்கி, அதற்கு இது போதாது.