கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸ் போடும் தம்பி தங்கைகளுக்கு

வணக்கம்.

சென்னையில் ஒலிப்பதிவு செஷனுக்கு வயலின் வாசிப்பவன் நான். ஒரு ஹால் நிறைய ஆள் உட்கார்ந்து வாசித்த வேலைக்கு இப்போது பெரும்பாலும் என்னை மட்டும் கூப்பிடுகிறீர்கள். சாம்பிளில், அதாவது நிஜ வாத்தியத்தைச் சுரம் சுரமாகப் பதிந்து கீபோர்டில் வாசிக்கும் ஒலியில், மொத்த ஸ்ட்ரிங்ஸையும் போட்டு வைத்திருப்பீர்கள். அதன் மேல் நான் நாலைந்து தடவை வாசித்துக் கொடுத்தால் கொஞ்சம் உயிர் வரும் என்று கணக்கு. அதில் எனக்கு வருத்தமில்லை, குறும்பட பட்ஜெட் எல்லாருக்கும் தெரிந்ததுதான். என் வருத்தம் வேறு.

போன மாதம் ஒரு செஷனில் ஸ்டாண்டில் இருந்த தாளைப் பார்த்தேன். எட்டு பாருக்கும் சேர்த்து ஒரே ஸ்லர், அதாவது வில்லைத் திருப்பாமல் ஒரே இழுப்பில் வாசிக்கச் சொல்லும் வளைகோடு. டெம்போ 60, பாருக்கு நாலு பீட், ஆக மொத்தம் 32 விநாடி. மேலே ஃபோர்ட்டே (சத்தமாக) என்று வேறு போட்டிருந்தது. வயலின் வில்லில் மயிரின் நீளம் சுமார் 65 சென்டிமீட்டர். அழுத்தி இழுத்தால் மூன்று நாலு விநாடியில் நுனி வந்துவிடும். பெரிய செக்‌ஷன் என்றால் ஆளுக்கொரு இடத்தில் வில்லைத் திருப்பிச் சமாளிப்போம். தனி ஆள் என்ன செய்வது? “சார், சாம்பிள்ல கரெக்டா வருதே” என்றார் அந்தத் தம்பி. அதில் எப்படியும் வரும்.

அடுத்த பக்கத்தில் பிட்ஸிகாட்டோ (விரலால் சுண்டுவது) முடிந்த மறு பதினாறாவது நோட்டிலேயே, அதாவது கால் பீட்டில், ட்ரெமோலோ (வில்லை வேகமாக நடுங்க விடுவது). உங்களுக்கு அது ஒரு கீஸ்விட்ச், வாசிக்கும் விதத்தை மாற்றும் ஒரு கட்டை. எனக்கோ தந்தியைச் சுண்டிய விரலை மடக்கி, வில்லை நேராக்கி, தந்திமேல் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஒரு பீட்டாவது ஓய்வு கொடுங்கள். சத்தத்தை அமுக்கும் மியூட்டை மாட்டச் சொன்னால் இரண்டு பார் வேண்டும்.

அப்புறம் அதே தாளில் ஜி-க்குக் கீழே எழுதியிருந்த அந்த எஃப் சுரம். வயலினின் கடைசித் தந்தி ஜி, அதற்குக் கீழே இறங்க வழியில்லை. அது எப்படி என் தாளில் வந்தது என்று யோசித்தால் காரணம் புரிந்தது. எல்லா வாத்தியமும் சேர்ந்த ஒரே ‘ஃபுல் ஸ்ட்ரிங்ஸ்’ பேட்ச்சில் (ஒலித் தேர்வில்) இரண்டு கையாலும் கார்டு, அதாவது பல சுரம் சேர்த்து, பிடித்திருக்கிறீர்கள். வலது கையை வயலினுக்கு, இடது கையை செல்லோவுக்கு என்று பிரித்து அச்செடுத்துவிட்டீர்கள். அந்த எஃப் வயோலாவுக்குப் போயிருக்க வேண்டியது. சாம்பிள் நிஜம் மாதிரி கேட்காமல் போவதும் பாதி இங்கேதான். 14 பேர் வாசித்த வயலின் பேட்ச்சில் மூன்று சுரம் சேர்த்துப் பிடித்தால் 42 வயலின் வாசிக்கிறது. நிஜத்தில் அதே 14 பேர்தான் மூன்று பங்காகப் பிரிவார்கள், சத்தமும் மெலியும். முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ் என ஐந்து டிராக் போட்டு ஒவ்வொன்றையும் ஒற்றை வரியாக வாசித்துப் பாருங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் பாதி கீபோர்டு வாசனை அதிலேயே போய்விடும்.

வில்லைத் தந்திமேல் துள்ளவிடும் வேகமான ஸ்பிக்காட்டோவுக்கு வருவோம், சேஸிங் சீன் என்றாலே அதுதானே. டெம்போ 140-ல் ஒரு பதினாறாவது நோட்டுக்கு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. எல்லாவற்றுக்கும் வெலாசிட்டி (கட்டையை அடிக்கும் வேகம்) உச்சமான 127, முழு குவாண்டைஸ் (எல்லா நோட்டையும் தாளக் கட்டத்தில் கச்சிதமாக ஒட்டுவது). ஒரே சுரத்துக்கு மாறி மாறி வரும் எத்தனை பதிவு (ரவுண்ட் ராபின்) இருந்தாலும் தையல் மெஷின்தான் ஓடும். வில் கீழே இறங்கும்போது இயல்பாகவே கனம் அதிகம், மேலே போகும்போது லேசு. நாலு நோட்டில் முதலாவதை 100 வையுங்கள், மற்றவை 60-க்கும் 80-க்கும் நடுவில் திரியட்டும்.

நீண்ட நோட்டில் பெரும்பாலான லைப்ரரிகளில் (சாம்பிள் தொகுப்புகளில்) வெலாசிட்டி சத்தத்தைத் தொடுவதே இல்லை, கீபோர்டில் இருக்கும் சக்கரமான மாட் வீல்தான் எல்லாம். அது வெறும் வால்யூம் இல்லை. மெதுவாக வாசித்த பதிவிலிருந்து அழுத்தி வாசித்த பதிவுக்கு மாறுவதால் ஒலியின் நிறமே மாறும். எக்ஸ்பிரஷன் என்ற இன்னொரு கன்ட்ரோல் சத்தத்தை மட்டும் ஏற்றி இறக்கும். வீலை 90-ல் நிறுத்திவிட்டுக் காபி குடிக்கப் போகாதீர்கள். ஒரு வரி மெலடியை வாயால் பாடிக்கொண்டே வீலைத் தள்ளுங்கள். நீங்கள் மூச்சு விடும் இடத்தில் அது தானாக இறங்கும், நாங்கள் வில் திருப்புவதும் ஏறக்குறைய அங்கேதான்.

சுரங்களை இடைவெளியில்லாமல் இணைக்கும் லெகாட்டோ பிந்துகிறது என்று லைப்ரரியைத் திட்டுகிறீர்கள். வியன்னா சிம்ஃபோனிக் லைப்ரரி என்ற சாம்பிள் நிறுவனத்தைத் தொடங்கிய ஹெர்ப் டுக்மாண்டல் ஒரு செல்லோக்காரர். அங்கே தனித்தனி சுரத்தோடு, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு நகரும் அந்தச் சின்ன வழுக்கலையும் பதிவு செய்து வைத்தார்கள். இன்றைய நல்ல லெகாட்டோ பேட்ச் பெரும்பாலும் அந்த வழியில்தான். வழுக்கல் முடிந்து சுரம் வந்து சேர நேரம் ஆகும். சிலவற்றில் விநாடியில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட. அதனால் நோட்டை கிரிட்டுக்கு (திரையில் தெரியும் தாளக் கட்டத்துக்கு) முன்னால் நகர்த்துங்கள். எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கும். லெகாட்டோவையும் ஸ்பிக்காட்டோவையும் ஒரே டிராக்கில் வைத்து ஒரே அளவு நகர்த்தினால் இரண்டில் ஒன்று கெடும், ஆகவே தனி டிராக்.

கமகத்தை மட்டும் தொடவே தொடாதீர்கள். பிட்ச் பெண்டை ஆட்டினால் அது கல்யாணியாக வராது, ஆம்புலன்ஸ்தான் வரும். அந்த வரியை எனக்கு விட்டுவிடுங்கள்.

வில் குறி போடத் தெரியாவிட்டால் காலியாகவே அனுப்புங்கள், பென்சிலில் நானே போட்டுக்கொள்வேன். அந்த எஃப்பை மட்டும் எடுத்துவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஒரு செஷன் வயலின்காரன்