ஆபரேஷனும் குடும்ப டாக்டரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை பற்றிய கட்டுரை படித்தேன். இரைப்பையை எப்படிச் சின்னதாக்குகிறார்கள், செலவு எவ்வளவு என்பதெல்லாம் விளக்கமாக இருந்தது. ஆனால் எங்களைப் போன்றவர்கள் முதலில் போய் உட்காரும் குடும்ப டாக்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பேச்சு அவரிடமே நின்றுபோய்விடுகிறது என்பதுதான் எங்கள் வீட்டு அனுபவம்.

என் அண்ணியின் உயரம் 152 செ.மீ., எடை அப்போது 104 கிலோ. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கு, 45. சர்க்கரைக்கு இன்சுலின், முழங்கால் வலி, அடுத்த அறை வரை கேட்கும் குறட்டை. பல வருடமாக ஒரே டாக்டர்தான். கைராசிக்காரர், எங்களுக்கு அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் எடை மெஷினைப் பார்த்ததும் அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "வாயைக் கட்டுங்கம்மா, நடங்க." பொள்ளாச்சியில் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர் சொல்லித்தான் இப்படியொரு ஆபரேஷன் இருப்பதே தெரிந்தது. அதைப் பற்றிக் கேட்டதற்கு, "நல்லா இருக்கிற வயித்த எதுக்கும்மா வெட்டிக்கணும்?" என்று சிரித்தார்.

நீரிழிவு மருத்துவ அமைப்புகள் பல சேர்ந்து 2016-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டன. சர்க்கரை நோயுள்ள ஆசியர்களுக்கு பிஎம்ஐ 37.5-ஐத் தாண்டினால் இந்த ஆபரேஷனைப் பரிந்துரைக்க வேண்டும் என்கிறது அது. அண்ணி அந்தக் கோட்டை எப்போதோ தாண்டியிருந்தார்.

டாக்டர்களின் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையில் இந்த ஆபரேஷனுக்குப் போய் இறந்த செய்தியை யாரும் மறக்கவில்லை. 'சீக்கிரமே இளைக்கலாம்' என்று ஆசை காட்டும் விளம்பரங்களைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வரும். ஆனால் தேர்ந்த மையங்களில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஓரிருவர் என்ற அளவில்தான் இருக்கிறது. பயமுறுத்துவதைவிட, எங்கே செய்யலாம், எங்கே கூடாது என்று எங்கள் டாக்டர் சொல்லியிருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

பயத்தைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. குண்டாக இருப்பது சோம்பேறித்தனம், ஆபரேஷன் குறுக்கு வழி என்ற எண்ணம். உப்பைக் குறைக்கவில்லை என்பதற்காகப் பிரஷர் மாத்திரை எழுதாமல் விடுகிறார்களா? எடை கூடிய உடம்பு, பட்டினி போட்டால் பசியைக் கூட்டி அந்த எடையைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கும் என்பது டாக்டர்களுக்குத் தெரியாததா? இரைப்பையை மாற்றியமைத்தால் பசியையும் சர்க்கரையையும் பாதிக்கும் ஹார்மோன்களே மாறுகின்றன. அதுவும் ஒரு காரணமாகப் பலருக்கு எடை குறையும் முன்பே சர்க்கரை இறங்குகிறது.

அண்ணிக்குக் கோயம்புத்தூரில், இரைப்பையைச் சின்னதாக்கி அதைச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் முறையில் செய்தார்கள். சில வாரத்தில் இன்சுலின் நின்றது. அப்புறம்தான் அடுத்த சிக்கல். மாதாமாதம் கோவைக்கு ஓட முடியாமல் முழங்கால் வலிக்கு இங்கே காட்டினோம். டாக்டர் பழையபடி டைக்லோஃபினாக் எழுதிக் கொடுத்தார். பைபாஸ் செய்தவர்களுக்கு அந்த வகை வலி மாத்திரைகள் கூடாது, இணைப்பு போட்ட இடத்தில் புண் வரும். டிஸ்சார்ஜ் தாளில் அது அச்சிட்டே இருந்தது; அவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. நல்லவேளை, கோவை டயட்டீஷியனிடம் போனில் கேட்டுவிட்டு அண்ணி அதைப் போடவில்லை. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுசுக்கும் எடுக்க வேண்டும், அவ்வப்போது ரத்தமும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் உள்ளூர் டாக்டர் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

இப்போது எடை குறைக்கும் ஊசிகளும் வந்துவிட்டன. நிறுத்தினால் எடை திரும்புகிறது என்கிறார்கள். அதையும் நாங்கள் அவரிடம்தான் கேட்கப் போகிறோம்.

அடுத்த முறை அறுவை நிபுணரோடு ஒரு குடும்ப டாக்டரையும் பேச வையுங்கள். இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர் கிளினிக்குக்கு வந்தால் என்ன பார்க்க வேண்டும், எந்த மாத்திரை கூடாது என்று ஒரு பக்கம் போட்டால் போதும், வெட்டி எடுத்துக்கொண்டுபோய் எங்கள் டாக்டர் மேசையில் நானே வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்