டப்பாவின் பின்பக்கம்

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள மாப்பிள்ளை துரைசாமிக்கு,

எல்லோரும் சௌக்கியம். தோப்பில் வெள்ளை ஈ இன்னும் அடங்கவில்லை என்று எழுதியிருந்தாய், மனசு கஷ்டமாக இருந்தது. நேரில் வரும்போது அதைப் பேசுவோம். இப்போது நீ வலிக்கு வாங்கியிருக்கும் அந்த மஞ்சள் மாத்திரைச் சமாச்சாரம். போனில் சொன்னால் மறந்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய டப்பா போட்டோவைப் பேத்தி பெரிதாக்கிக் காட்டினாள். முன்பக்கத்தில் மஞ்சள் கிழங்கு படம், பக்கத்தில் கொட்டை எழுத்தில் 500 மி.கி. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'மஞ்சள் தூள்' என்று இருக்கிறது, கவனித்தாயா? நாம் விளைய வைத்து, வேகவைத்து, ஈரோட்டுக்கு மூட்டை ஏற்றிய அதே சரக்குதான். மருந்து என்று சொல்லப்படும் சத்து அதிலிருக்கும் குர்க்குமின்தான்; நல்ல மஞ்சளிலேயே அது நூற்றுக்கு மூன்று, நாலு பங்கு. அப்படியானால் உன் மாத்திரையில் இருப்பது 15, 20 மி.கி. தங்கச்சி ரசத்தில் போடும் கால் ஸ்பூன் மஞ்சள்தூள்கூட இதைவிட அதிகம்.

'95 சதவீதம் குர்க்குமின்' என்று போட்ட, மஞ்சளிலிருந்து சத்தை மட்டும் பிரித்தெடுத்த சாற்று மாத்திரையில் அதே 500-க்கு 475 மி.கி. இருக்கும். அதற்காக அதை வாங்கிவிடாதே. நீ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவன். டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

நான் இதையெல்லாம் படிக்கத் தொடங்கியதே உன் தங்கச்சியால்தான். மூட்டு வலிக்கு யாரோ சொன்ன கால்சியத்தை, காலையில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே ஆறு மாசம் விழுங்கினாள். ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் ஏறிப்போனது, தைராய்டு மருந்து போதவில்லை என்று காட்டும் கணக்கு அது. டாக்டர் மருந்தைக் கூட்டப் போனார். பையிலிருந்த டப்பாவைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, இரண்டுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்றார். அன்று ராத்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த டப்பாவை வரி வரியாகப் படித்தேன். கால்சியம் கார்பனேட் 1250 மி.கி. என்றால் உள்ளே கால்சியம் 500 மி.கி. தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. 'ஒரு வேளைக்கு' என்று போட்டிருப்பது ஒரு மாத்திரையா, இரண்டா என்பதையும் பார்க்க வேண்டும். சில டப்பாவில் அட்டவணைக் கணக்கு முழுக்க இரண்டு மாத்திரைக்கு.

எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பு) என்று போட்டுப் பதினாலு இலக்க எண் இருக்கிறதா பார். இருந்தால் தயாரித்தவருக்கு உரிமம் உண்டு, அவ்வளவுதான். வலி தீரும் என்பதற்கு அது சாட்சி இல்லை. அதனால்தான் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்றும் அதே டப்பாவில் போடச் சொல்லியிருக்கிறது சட்டம்.

அப்புறம், புரட்டாசியில் கவுச்சி வாசனையே ஆகாத உன் அம்மாவுக்கும் இந்த மஞ்சள் மாத்திரையைக் கொடுப்பதாக எழுதியிருந்தாய். சேர்மானப் பட்டியலின் கடைசியில் ஜெலட்டின் என்று இருக்கிறது. மாடு, பன்றி போன்றவற்றின் எலும்பிலும் தோலிலும் எடுப்பது அது. அம்மாவிடம் சொல்லிவிடு, தெரியாமல் சாப்பிட வேண்டாம்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி வருகிறேன். வீட்டில் இருக்கும் டப்பா எல்லாவற்றையும், டாக்டர் சீட்டோடு, ஒரு மஞ்சப்பையில் போட்டு வை. லென்ஸ் நான் கொண்டு வருகிறேன்.

உன் அன்பு மச்சான்,
கந்தசாமி